மோட்டார் நிற்கக் கூடாது

மண்ணூர் சர்ச் வாசலில் இருக்கும் சவுக்கு மரத்துக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் ஊர் கூடி விளக்குப் போடும். 1991இல் அந்த வேலை ராஜாமணியிடம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை செய்கிற பெண். அதுவரை சீரியல் விளக்குச் சரம் கட்டிவந்தவர் அம்பத்தூர் கம்பெனிக்குப் போய்விட்டார். விளக்கு எரியாவிட்டால் "பொம்பளை கட்டினது" என்ற பேச்சு ஒரு வருஷம் ஓடும். அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பல்புகளோடு ஊருக்கு வந்த அன்று பஸ் நிறுத்தத்தில் ஒரு போலீஸ்காரர் பையைக் கொட்டிப் பார்த்தார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒயர் என்றாலே அப்படித்தான்.

விளக்கேற்றும் நாளுக்கு முந்தைய சாயங்காலம் போட்டுப் பார்த்தாள். நவரைப் பட்டத்து நெல் நாற்றுக்காகச் சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வோல்டேஜ் இறங்கியிருந்தது. சரத்துக்கு முப்பத்தெட்டு பல்பு. எல்லாம் பீடி நுனி போலச் சிவந்ததோடு சரி. சரத்துக்குப் பன்னிரண்டைக் கழற்றினாள். இருந்த கரண்டு மிச்ச பல்புகளுக்குப் போதுமானதாகி, பளிச்சென்று எரிந்தது.

மறுநாள் ஆறேகாலுக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கியபோதுதான் அவளுக்கு ஏதோ உறுத்தியது. மோட்டார் சத்தமே இல்லை. சர்ச் வாசல் குண்டு பல்பு வெள்ளையாக எரிந்தது.

பக்கத்தில் பம்புசெட்டுக்காரர் பலராமன் சிரித்தபடி நின்றார். "இன்னா முழிக்கிற? நாந்தான் எல்லாரையும் நிறுத்தச் சொன்னேன். உன் லைட்டு நல்லா எரியட்டும்னு."

"ஐயோ அண்ணா! கம்மி கரண்டுக்குக் கட்டிக்கீறேன். இப்ப போட்டா அத்தினி பல்பும் பூடும். மோட்டாரெல்லாம் திரும்பப் போடச் சொல்லுங்க."

"லைட்டுக்கோசரம் மோட்டாரு போடச் சொல்ற மொத ஆளு நீதாம்மா."

"கேலி அப்பறம் பண்ணுங்கண்ணா. போங்க!"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். என்றைக்கும் நீளும் ஜெபம் அன்று சட்டென்று முடிந்துவிடும் போலிருந்தது. தூரத்தில் ஒரு மோட்டார் உறுமியது. பிறகு இன்னொன்று. வாசல் பல்பு லேசாக மங்கியது. போதாது. ஆமென் சொல்லிவிட்டார்கள்.

"போடும்மா, போடு!"

ஒயரைச் சரிபார்ப்பது போலக் குனிந்தே நின்றாள். மூன்றாவது. நான்காவது. பல்பு மஞ்சளானது. ஸ்விட்சைத் தட்டினாள். மரம் முழுக்க ஒளிர்ந்தது, பிள்ளைகள் கத்தினார்கள்.

விளக்கு எரிந்த அரை மணி நேரமும், மறுபடி வெளுத்துவிடுமோ என்று அவள் கண் வாசல் பல்பை விட்டு நகரவில்லை. விளக்கு அணைந்து, கூட்டமும் கலைந்த பிறகு பலராமன் வந்தார். யாரும் மோட்டாரை நிறுத்திவிடாமல் கிணற்றுக்குக் கிணறு சுற்றியிருந்தார்.

"எப்பிடிம்மா இருந்துச்சி?"

"நான் எங்கண்ணா பாத்தேன்?"

"அப்ப எனக்கோசரம் ஒரு வாட்டி போடேன்."

ஸ்விட்சில் கை வைத்தபடி காது கொடுத்துக் கேட்டாள்.

"மூணு சத்தந்தான் வருது. வேணாம்ணா, நாளைக்கு."