பழுது பார்த்த உலை

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளை அடுப்புக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். இத்தனைக்கும் வீட்டு அடுப்பில் பாலை வைத்தால் பொங்கி வழிய விட்டுவிடுகிறவள். அவள் அடுப்பே வேறு. ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்கிற மின் உலை. இரும்பு, ஆர்செனிக், பேரியம் மூன்றையும் காற்றுப் புகாத குழாயில் அடைத்து, அதற்குள் வைத்து உருக்கி, மெல்ல மெல்ல ஆறவைத்து, நகத்தளவு படிகம் எடுப்பது அவள் உத்தியோகம். அதுவும் நிரந்தரமில்லை. வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் உண்டு.

எடுத்த படிகத்தை என்ன செய்வார்கள்? குளிரவைப்பார்கள். உலையில் வேகவைத்ததைத் திரவ ஹீலியத்தில் போட்டு விறைக்கவைக்கிற பிழைப்பு, என்னத்தைச் சொல்ல! அந்தக் குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓட வேண்டும். வெறும் அந்த மூன்று பொருள் மட்டும் சேர்ந்தால் ஓடாது. உள்ளே இருக்கிற இரும்பு அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். குளிர்ந்ததும் வரிசை கட்டி நின்றுகொண்டு அடம்பிடிக்கும். பேரியத்தின் இடங்கள் சிலவற்றில் பொட்டாசியத்தைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் எலக்ட்ரான் கணக்குக் குறையும், அந்த வரிசை கலையும், மின்சாரம் தடையில்லாமல் பாயும். பொட்டாசியம் கொஞ்சமாக இருந்தால் வரிசை கலையாது. அதிகமாகிவிட்டாலோ, கிடைத்த நன்மை மறுபடி தேய்ந்துகொண்டே போகும்.

சரி, அளந்து போட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் வினை. பொட்டாசியம் சரியான ஓடுகாலி. சூடு பட்டால் ஆவியாகிக் கம்பி நீட்டிவிடும், போகிற போக்கில் குழாயையும் அரித்துவைக்கும். உள்ளே போட்டதில் எவ்வளவு தங்கியது, தங்கியது எந்தெந்த இடத்தில் உட்கார்ந்தது என்பதெல்லாம் உலையின் சூட்டுக்கே வெளிச்சம்.

அப்படிப்பட்ட உலையில் அவளுக்கு ஒருமுறை ஒரு படிகம் வாய்த்தது. மற்றவர்களுடையதில் தடை மறைகிற குளிருக்குச் சில டிகிரி மேலேயே அவளுடையதில் தடை செங்குத்தாக விழுந்து பூஜ்யத்தில் நின்றது. கருவிக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவள் கம்பிகளைப் பிடுங்கி வேறு கம்பி ஒட்டிப் பார்த்தாள். மறுபடியும் அதே. பேராசிரியர் ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லாமல் ஓடிவந்தார். ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. முதல் பெயர் அவளுடையது. அன்றைக்கு வீட்டில் பால் பொங்கி வழிந்ததற்கு யாரும் திட்டவில்லை.

அதற்குப் பிறகு வந்தது சனி. வேறொரு ஊர் ஆய்வுக்கூடத்தில் அவள் எழுதியபடியே செய்து பார்த்தார்கள், வரவில்லை. உங்கள் படிகத்தை அனுப்புங்கள் என்றார்கள். சோதனைக்காக வெட்டியதும் ஒட்டியதும் போக மிச்சம் ஒரே ஒரு துண்டு. அதைக் காற்றுப் படாமல் கண்ணாடிக் குழாயில் அடைத்து, திறக்கக்கூடாது என்று சிவப்பில் எழுதி அனுப்பினாள். பார்சல் பரிசோதனைக்காரர்கள் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும்தான் அப்படி என்ன உள்ளே இருக்கிறது என்று குழாயையே உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். காற்றுப் பட்ட படிகம் வெளுத்துப் பொடியாகிப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பதில் மரியாதையாகத்தான் வந்தது: இன்னொன்று செய்து காட்டுங்கள். முடியாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

செய்து காட்டுவதற்கென்ன என்று உட்கார்ந்தாள். அதே அளவு, அதே குழாய், உலையின் திரையில் அதே எண். வந்த படிகத்தில் தடை செங்குத்தாக விழவில்லை. சரிவில் உருளுகிற மாதிரி சாவகாசமாக இறங்கியது, அதுவும் எல்லாருக்கும் இறங்குகிற இடத்தில். இன்னொன்று செய்தாள். அதுவும் அப்படியே. பல் துலக்கும்போது ஒருநாள் அவளுக்குச் சுரீரென்றது. அந்தப் படிகம் எடுத்த கையோடுதானே உலையை ரிப்பேர் செய்தார்கள்! அப்படியானால் அன்றைக்குத் திரையில் நின்ற எண் வேறு, உள்ளே காய்ந்த சூடு வேறு.

அடிப் பாவி! மாதக்கணக்கில் அந்த உலையின் எண் தடுமாறுகிறது, சரிபண்ணிக் கொடுங்கள் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கியவளே அவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவள் கைதான்.

ஆய்வுக்கூடத்துப் பட்டறைக்கு ஓடினாள். மெக்கானிக் ஏதோ மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, என் உலையில சூட்டை அளக்குற பழைய கம்பியை எங்க வச்சீங்க?"

"அதையா? அப்பவே குப்பையில போட்டாச்சே தங்கச்சி. லாரிக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்."

"அது எவ்வளவு தப்பாக் காட்டுச்சுன்னு பாத்தீங்களா? கூடவா, குறைச்சலா?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பழுதான கம்பிம்மா அது. என்னத்தைக் காட்டுச்சோ அதுக்கே தெரியாது. புதுசு எப்படி வேலை செய்யுது? கல்லு மாதிரி நிக்குதுல்ல எண்ணு?"

"நிக்குதுண்ணே."

"நீங்க அத்தனை தடவை வந்து கேட்டீங்களேன்னு ஞாயித்துக்கிழமை வந்து மாட்டினேன்."

நன்றாக இருங்கள் என்பதைத் தவிர அவரிடம் என்ன சொல்ல முடியும்? நல்ல மனுஷர். கோபித்துக்கொள்ள ஒரு ஆள்கூட இல்லாத கஷ்டம் இருக்கிறதே, அதைப்போல ஒரு கஷ்டம் கிடையாது. பட்டறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. பத்து டிகிரி ஏற்றிப் பார்த்தாள், இருபது இறக்கிப் பார்த்தாள். ஒரு படிகம் ஆறி வெளியே வருவதற்குள் மாதம் ஒன்று ஓடியே போய்விடும். ஒன்றில் பொட்டாசியம் தங்கவே இல்லை. ஒன்றில் ஒரு ஓரம் முழுக்க அடைந்து, மறு ஓரம் வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் ஒன்று குழாயை அரித்து உலைக்குள்ளேயே வெடித்தது. ஆர்செனிக் விஷமல்லவா, விளையாட்டா? ஆட்கள் முகமூடி மாட்டிக்கொண்டு வந்து அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.

பேராசிரியர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கலாம்மா. வேற வழி தெரியலை."

"சார், நீங்களே பாத்தீங்களே! நீங்க பக்கத்துல நிக்கும்போதுதானே விழுந்துச்சு?"

"பாத்தேன். ஆனா நான் பாத்தது திரையில ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பொருள் எங்கம்மான்னு கேக்குறாங்க. நான் எதைக் காட்டுவேன்?"

"பழைய கம்பி பழுதுன்னு சொல்லுங்க சார்."

"சொன்னா, பழுதான உலையில செஞ்சதை ஏன் எழுதினீங்கன்னு கேப்பாங்க." அவர் மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "உன் மேல எனக்குச் சந்தேகம் இல்லை. உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதைப் பத்தி மட்டும் எதுவும் கேக்காத."

அவள் கேட்கவில்லை. ஒப்பந்தம் போனால் போகட்டும், இன்னொரு வேலை தேடலாம். அடுப்புக்காரி பொய் சொன்னாள் என்று நாலு பேர் சொன்னால் அதை எந்த உலையில் போட்டு எரிப்பது? அவள் பொய் சொல்லவில்லை. அதைக் காட்ட உலகத்தில் ஒரு துரும்புகூட அவளிடம் இல்லை.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் கணவனிடம் சொன்னாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். பொட்டாசியம், ஹீலியம் என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறவன். கட்டுரை வந்த அன்று அது எந்தப் பாஷை என்றே தெரியாமல் பஸ் டெப்போ முழுக்கக் காட்டிவிட்டு வந்தவன். இப்போதும் குறுக்கே பேசாமல் கேட்டான். அவள் அழுது முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்ன ஆனாலும் நான் உன் பக்கம்தான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கை அவன் கைக்குள்ளேயே சில்லிட்டுப் போனது.

"நெஜமாவே வந்துச்சுங்க," என்றாள்.

"சரி, சரி. வந்துச்சு," என்றான் அவன், ரொம்ப அன்பாக.