தடுப்பூசி கவுண்டருக்கு கம்ப்யூட்டர் போட வந்தவர்

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வந்தவர் அவர். ஒடிசலான ஆள், ஒரு பக்கம் ஒடிந்த மூக்குக்கண்ணாடியை நூல் சுற்றிப் போட்டிருப்பார். டீக்கடையில் கைக்கு எட்டிய கிளாஸை எடுக்கவே மாட்டார். "இது எனக்குப் போட்டதுதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

தடுப்பூசிக்கு வரும் தாயைப் பதிந்ததும் கம்ப்யூட்டரே அவளுக்கு ஒரு நம்பர் கொடுக்கும். பிள்ளையை அந்த நம்பரில் சேர்க்க வேண்டும். கடைசியாக விழுந்த நம்பர் எதுவோ, அதை எடுக்கும்படி அவர் எழுதியிருந்தார். கவுண்டர் திறப்புக்கு முந்தின நாள் என்னையும் பக்கத்து கவுண்டர் அக்காவையும் ஒரே நேரத்தில் பொய்ப்பெயர்களைப் பதியச் சொன்னார். நான் பதிந்த ராதாபுரத்துப் பிள்ளை, அக்கா பதிந்த கூடங்குளத்துத் தாயிடம் போய்ச் சேர்ந்தது.

நான் திரையைக் காட்டிக் கேட்டேன். "கடைசி நம்பர் நம்மதுதான சார்?"

"கண்ணிமைக்குற நேரத்துல அவங்க பதிஞ்சுட்டா, கடைசி நம்பர் அவங்களுது வே. எது கடைசின்னு கேட்டது என் தப்பு. நான் இப்ப போட்டதுக்கு என்ன நம்பர்னுல்லா கேக்கணும்!"

அந்த இடத்தைத் திருத்தினார். மறுபடி மறுபடி பதியச் சொன்னார். எந்தப் பிள்ளைக்கும் தாய் மாறவில்லை. பிறகு பொய்ப்பதிவுகளை அழிக்க உட்கார்ந்தவர், முதல் வேலையாக அந்த ராதாபுரத்துப் பிள்ளையை அதன் தாயின் நம்பருக்கு மாற்றினார்.

"அழிக்கத்தான போறீங்க, எதுக்கு சார் மாத்துதீங்க?"

"இருக்கட்டும் வே. தாயோடயே போகட்டும்."

அப்படியொரு பிள்ளை பிறக்கவே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.