முதுகுக்குக் களிம்பு

களிம்பு காய்ச்சுவதில் நான் கெட்டிக்காரன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே சொல்லும். குழாயடியில் முளைக்கும் குப்பைமேனியைப் பறித்து, ஒரு நாள் நிழலில் வாட்டி, மையாக அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்ச வேண்டும். சடசடப்பு அடங்குகிறவரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஈரம் நின்றுவிட்டால் பூசணம் பிடித்துவிடும். வடிகட்டி, சூட்டோடு சூடாகத் தேன்மெழுகைக் கரைத்து டப்பாவில் ஊற்றினால் ஆறியதும் பச்சையாக உறைந்துவிடும். வேர்க்குரு, கொசுக்கடி, முள் கீறிய அரிப்பு என்று தெருவில் யார் வந்தாலும் கொடுப்பேன்.

காய்ச்சுவது நான், என் முதுகில் தேய்ப்பது என் மனைவி. கரிசல் வெடித்துக் கிடக்கிற கோடையில் எனக்கு முதுகு முழுக்க வேர்க்குரு வந்துவிடும். "எருமைக்கு எண்ண தேய்க்க மாதிரில்லா இருக்கு. வெயில்ல அலையாதீங்கன்னா கேக்கீங்களா? நெளியாம இருங்க!" என்று வைதுகொண்டே தேய்ப்பாள். போன மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். இந்தக் கோடையில் வேர்க்குரு மட்டும் தவறாமல் வந்தது.

கழுத்துக்கும் வயிற்றுக்கும் நானே பூசிக்கொண்டேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது பாருங்கள், அதற்கு மேலிருந்தும் கை எட்டாது, கீழிருந்தும் எட்டாது. கதவு நிலையில் மாடு மாதிரி உரசிப் பார்த்தேன். களிம்பைத் துண்டில் தடவி இழுத்துப் பார்த்தேன். துண்டு பாழானதுதான் மிச்சம். பகலில் தெருவில் பெண்கள்தான் இருப்பார்கள். அவர்களிடம் போய் இதைக் கேட்க முடியுமா?

சென்னையில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். "அதுக்கென்னப்பா" என்று கூரியரில் ஒரு சாமானை அனுப்பினான். நீளக் கைப்பிடி, நுனியில் பஞ்சு. எனக்கு வந்ததே கோபம்! நான் என்ன சுவரா, வெள்ளையடிக்க? ஆனாலும் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தேன். களிம்பு சரியான இடத்தில் பட்டது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. பரண்மேல் வீசிவிட்டேன். அவள் போனதிலிருந்து என்னைத் தொட ஒரு கை இல்லை, எனக்கு வேண்டியது அதுதான் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்துத் தெருவில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் உண்டு. என் வயதுதான் இருக்கும். ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, கருவேல முள்ளு கீறி காலெல்லாம் ஒரே அரிப்பு. களிம்பு இருந்தாக் கொஞ்சம் தாங்க."

டப்பாவைக் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து நிதானமாகப் பூசிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து என் முதுகு எரிந்தது. கேட்டுவிடலாமா? கேட்டால் என்ன நினைப்பார்? பசுவந்தனை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஊரையே அதட்டியவன் நான், இந்த ஒரு வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது. அவர் மூடியைத் திருகி வைத்துவிட்டு எழுந்தார். "வாரேன்" என்று படியும் இறங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். எம் முதுகுல கொஞ்சம்..." என்று டப்பாவை நீட்டினேன்.

"அட, இதுக்கா இம்புட்டு யோசன? பனியனக் கழத்துங்க. திரும்பி உக்காருங்க."

காய்ப்பேறிய கை. ஆட்டு வாடை வேறு. கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் தேய்த்தார். கை நேராக அந்த இடத்திலேயே போய் விழுந்தது. களிம்பு பட்டதுமே எரிச்சலெல்லாம் குளுகுளுவென்று அடங்கிவிட்டது. எனக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. நல்லவேளை, அவருக்கு என் முகம் தெரியவில்லை.

"இங்கனதான அரிக்குது?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "இன்னுங் கொஞ்சம் மேல."