வெட்டக் கூடாத திராட்சைக் கொடி

எங்கள் சூசைபுரத்தில் ஜாய்ஸின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. பூச்சிமருந்து வேலை செய்யவில்லை என்றால் காலி டப்பாவோடு போய் நடுக்கடையில் நின்று நியாயம் கேட்பாள். அப்படிப்பட்டவளை ஒரு திராட்சைக் கொடி ஐந்தாறு வருடம் பாடாய்ப் படுத்தியது என்றால் அதற்கு ஊர்தான் காரணம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. கணவன் பஸ் டிரைவர், வாரத்தில் பாதி நாள் கோயம்புத்தூரில். கொடியை வெட்டிவிடும் கவாத்து, மருந்தடிப்பு, வியாபாரியோடு மல்லுக்கட்டு எல்லாம் அவள்தான். தோட்டத்தின் வடக்கு மூலையில் மாமனார் வைத்த கிழட்டுக் கொடி ஒன்று நின்றது. காய்ப்பு விட்டுப்போய்ப் பல காலம். அதைத் தோண்டி எறிந்துவிட்டுப் புதுக்கன்று வைக்க ஆள்கூடச் சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரான்சிலிருந்து பங்குச் சாமியாருக்கு மெயில் வந்தது. அனுப்பியது முந்நூறு பேர்கூட இல்லாத ஒரு குக்கிராமம். அங்கே பிறந்த குருவானவர் ஒருவர் அந்தக் காலத்தில் தம் ஊர்த் திராட்சைக் குச்சியை நம் பக்கம் கொண்டுவந்தாராம். பழைய கோயில், பழைய கிணறு, பழைய திராட்சை ரசக்கிடங்கு என்று தங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பலகை மாட்டி முடித்தவர்கள், இப்போது அந்தக் குச்சியின் வாரிசைப் பார்க்க வருகிறார்களாம். எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. பங்குப் பேரவைத் துணைத்தலைவர் சவரியப்பன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே தடித்த தண்டு ஜாய்ஸிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

"ஏத்தா, இதான் அந்தச் சாமியார் வச்ச வம்சம். அவுக வந்து பாக்குற வரைக்கும் கை வைக்காத."

"இது எங்க மாமனாரு கூடலூர்லருந்து வாங்கியாந்த குச்சிண்ணே."

"கூடலூருக்கு எங்கருந்து வந்துச்சாம்?" என்று மடக்கிவிட்டார். அடுத்த ஞாயிறு பூசையில் அறிவிப்பும் வாசித்தாயிற்று.

கவாத்துக்கும் தடை. வெள்ளைக்காரர் வரும்போது கொடி மொட்டையாக நின்றால் ஊருக்கு அவமானமாம். வருவார்கள் என்றார்கள். கொரோனா என்றார்கள், விசா என்றார்கள், அங்கே யாருக்கோ இடுப்பு ஆபரேஷன் என்றார்கள். கொடி காடாக மண்டி, மழைக்காலந்தோறும் அடிச்சாம்பல் நோயை வளர்த்துப் பக்கத்துக் கொடிகளுக்கும் பரப்பியது. எவ்வளவு மருந்தடித்தும் நிற்கவில்லை. ஜாய்ஸ் பேரவைக் கூட்டத்துக்கே போய்க் கருகிய குலைகளை மேசைமேல் கொட்டினாள்.

"பாரம்பரியம்னா கொஞ்சம் சகிச்சுக்கிறணும்த்தா" என்றார் சவரியப்பன். அவருக்குத் திராட்சை கிடையாது, தென்னந்தோப்புதான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

போன வருடம் தோட்டம் தாங்கவில்லை. மற்ற கொடிகள் அத்தனையையும் வெட்டி எரித்துவிட்டு அதே பந்தலில் பாகலை ஏற்றினாள். எரித்த அன்று என் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். எங்களில் ஒருத்தரும் அவளுக்காகக் கூட்டத்தில் எழுந்து நிற்கவில்லையே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மூலையில் கிழட்டுக் கொடி மட்டும் ஜம்மென்று நின்றது.

இந்தத் தை மாதம் ஒருவழியாக நாலு பேர் வந்தார்கள். மேளம், சந்தன மாலை எல்லாம் தடபுடல். பேச்சை மொழிபெயர்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சிஸ்டர். வந்தவர்களில் மூத்தவர் அங்கே திராட்சை விவசாயி. மற்றவர்கள் போட்டோ எடுக்க, அவர் மட்டும் இலையைத் திருப்பிப் பார்த்தார், தண்டை நகத்தால் சுரண்டினார். பிறகு வேகமாக ஏதோ பேசினார்.

சிஸ்டர் தயங்கித்தான் சொன்னார். "சீக்குப் பிடிச்ச கொடியாம். இதை ஏன் இன்னும் வச்சிருக்கீங்கன்னு கேக்குறார். அவங்க ஊர்ல பழைய கொடியெல்லாம் அவர் அப்பா காலத்துலயே பிடுங்கி எரிச்சுட்டாங்களாம்."

சவரியப்பன் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "அவுகளே சொல்லிட்டாக. ஏத்தா ஜாய்ஸ், நாளைக்கே வெட்டிரு."

இத்தனை வருடம் அவள் தொண்டை வறளச் சொன்னது இதைத்தானே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மாலைகளைப் பிய்த்து எறிந்திருப்பேன். ஜாய்ஸ் கத்தப் போகிறாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் மோட்டார் ரூமுக்குள் போய் அரிவாளை எடுத்து வந்து சவரியப்பன் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வெட்டுங்கண்ணே. என் கொடிய எல்லாம் போன வருசமே வெட்டிட்டேன். இது உங்க கொடி."