காப்புக் கட்டிய டீம்

எங்கள் ட்ராசா கிளப்புக்கு இரண்டாவது டீம் ஒன்று வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை மாரியம்மனே வந்து தீர்த்து வைக்கும்படி ஆகிவிட்டது. ஃபிஜி முழுக்கத் தேடினாலும் வேறு எந்த ஃபுட்பால் கிளப்புக்கும் அந்தக் கதி வந்திருக்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பொம்பளைப் பிள்ளைக்குப் பந்தாட்டத்தில் என்ன இத்தனை வெறி என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

இரண்டாவது டீமை நாங்கள் ரிசர்வ் என்போம். கரும்பு வெட்டும் கேங்கில் புதிதாகச் சேர்ந்த பையன்கள்தான் அதில் ஆடுவார்கள். பெரிய டீமின் ஆட்டத்துக்கு முன்னால், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் அவர்கள் ஆட்டம் நடக்கும். கிளப்பில் இருந்தது ஒரே ஒரு செட் பூட்ஸ். பையன்கள் ஆடி முடித்ததும் வரிசையாகப் புல்லில் உட்கார்ந்து அவற்றைக் கழற்றிக் கொடுப்பார்கள். பெரிய டீம்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிக் காலில் மாட்டுவார்கள். எங்கள் வீட்டில் அப்பா பெரிய டீமுக்குக் கேப்டன், பின்னால் நடுவில் நின்று தடுத்தாடும் சென்டர் ஹாஃப். அவருடைய தம்பி, என் சித்தப்பா, ரிசர்வில் அதே இடத்தில் ஆடுகிறவர். ஆக, அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ஜோடி பூட்ஸ்.

இந்த ஏற்பாட்டில் கண்ணை வைத்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். லவுட்டோகா டவுனில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. ஆயுளில் ஒரு பந்தைக்கூட உதைத்தவரில்லை, அதனாலேயே அவரைக் கிளப்புக்குச் செயலாளராக வைத்திருந்தார்கள். ஒரு மீட்டிங்கில், போதை வேரை இடித்துக் கரைக்கும் யங்கோனாச் சட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, ரிசர்வைக் கலைத்துவிடலாம் என்று அவர் பேச்சை எடுத்தார். பூட்ஸ் ஈரமாகிறது, ஜெர்சி கிழிகிறது, ஆட்டம் முடிந்தால் இரண்டு மடங்கு ஆட்களுக்குச் சோறும் யங்கோனாவும் ஆகிறது, இதனால் கண்ட பலன் என்ன என்று கேட்டார். தேங்காய்ச் சிரட்டை இரண்டு சுற்று வந்ததும் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டுவிட்டது. பையன்கள் வெளியே நின்றிருந்தார்கள், அவர்களுக்குக் கை தூக்கும் உரிமை இல்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். அப்பாவும் தூக்கினார்.

அன்றிலிருந்து சித்தப்பா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, "அண்ணி, அவருகிட்ட உப்பை நவுத்தச் சொல்லுங்க" என்பார். உப்பு அப்பாவின் கைக்கருகில் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மற்றப் பையன்களைக் கூட்டிக்கொண்டு கரும்பு வெட்டிய காலி நிலத்துக்குப் போவார். கட்டைகள் காலைக் கிழிக்கும் அந்த இடத்தில் வெறுங்காலோடு, எதிர் டீமே இல்லாமல், இருட்டுகிற வரைக்கும் ஆடுவார்கள். யாருக்காக என்று கேட்டால் சித்தப்பா பந்தை இன்னும் ஓங்கி உதைப்பார்.

பெரிய டீம் அந்த வருஷம் எப்படியோ செமி ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஆட்டத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். பாதி ஆட்டத்தில் நாங்கள் இரண்டு கோல் பின்னால். எங்கள் ஆட்கள் எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் என்ன புகுந்ததோ தெரியவில்லை. மூன்று கோல் அடித்தார்கள். மூன்றாவது கோல் விழுந்தபோது நான் கத்திய கத்தலில் இரண்டு நாளைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

என்ன புகுந்தது என்பது மறுநாள் கோயிலில்தான் தெரிந்தது. தீமிதிக்குப் பேர் கொடுக்க அப்பா போனார், நானும் கூடப் போனேன். பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்கும்போது, ஜெயித்தால் இந்த வருஷம் தீ மிதிக்கிறேன் தாயே என்று அப்பா மனசுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறார். அங்கே போனால் டீமில் இடது ஓரம் ஆடும் எங்கள் லெஃப்ட் அவுட், பூசாரி முன்னால் நிற்கிறார். பூட்ஸ் கயிறு கட்டும்போது அவரும் அதையேதான் வேண்டிக்கொண்டாராம். கார்னர் அடிக்கப் போகும் வழியில் ஒருவர், கீழே விழுந்து எழுந்திருக்கும்போது ஒருவர் என்று யாருக்கும் தெரியாமல் ஏழு பேர் அம்மனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமாவும் கொடுத்திருந்தார். ஒருவரை ஒருவர் கண்டுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூசாரிக்கு வாயெல்லாம் பல்.

எங்கள் கோல் கீப்பர் பக்கத்து வீட்டு பாய். கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவரும் வேலியோரம் வந்து நின்றார். அவரும்தான் வேண்டியிருந்தார், மசூதியில் நாலு பேருக்குச் சோறு போடுவதாக. கொஞ்ச நேரம் எங்கள் ஆட்களின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கேட்டார்: "அதெல்லாம் சரி, ஃபைனலு என்னிக்கி?"

சிரிப்பு அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. கட்டினால் தீ மிதிக்கிற வரை பத்து நாள் கோயில் எல்லையை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. ஃபைனல் அந்தப் பத்து நாளின் நடுவே வருகிற ஞாயிற்றுக்கிழமை.

மாமா ஓடினார், லீக் நடத்துகிறவர்களின் கையைக் காலைப் பிடித்தார். தேதி மாறாது என்றுவிட்டார்கள். திரும்பி வந்து, வேண்டுதலை அடுத்த வருஷம் செலுத்தினால் என்ன என்று பூசாரியிடம் இழுத்துப் பார்த்தார். நீ கேட்டபோது அவள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொன்னாளா என்று பூசாரி திருப்பிக் கேட்டார். அதோடு எட்டுப் பேரும் காப்புக் கட்டுவது என்று ஆனது. பெரிய டீமில் மிஞ்சியது நாலே பேர்: பாய், அவருடைய தம்பிகள் இரண்டு பேர், வீட்டில் பிள்ளை பிறந்து தீட்டில் இருந்ததால் எதுவும் வேண்டிக்கொள்ளாத ஒருவர். இன்னும் ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஞாயித்துக்கெழம நீதான் என் எடத்துல ஆடணும்" என்றார்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். "ரிசர்வு டீமே இல்லன்னு ஆயிப்போச்சே அண்ணி. அப்புறம் யாரைக் கூப்பிடறாருன்னு கேளுங்க."

அம்மா குழம்புச் சட்டியை நடுவில் வைத்தாள். "இன்னாவோ நீங்களே பேசிக்குங்க. எனக்கு வேலை கெடக்குது" என்று எழுந்து போய்விட்டாள். ட்ராசாவுக்குக் கிடைக்க வேண்டிய ஃபைனல் கப்பு அந்தச் சட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் சித்தப்பா அப்பாவை நேராகப் பார்த்தார்.

"பூட்ஸைப் பாதியில கழட்டச் சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்டா" என்றார் அப்பா. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதித்தும் விட்டேன்.

சீட்டுக் குலுக்கியதில் ஃபைனல் எங்கள் மைதானத்துக்கே வந்தது. மைதானத்துக்கும் கோயிலுக்கும் நடுவே கரும்பு ரயில் பாதை ஒன்றுதான் குறுக்கே. ஞாயிறு என்பதால் கரும்பு ஏற்றிய வண்டிகள் பாதையில் அப்படியே நின்றுகொண்டிருந்தன, கோயிலிலிருந்து மைதானம் தெரியாதபடி மறைத்துக்கொண்டு. நான் ஒரு வண்டியின் உச்சியில் ஏறிவிட்டேன். ஒரு பக்கம் திரும்பினால் ஆட்டம். மறுபக்கம் திரும்பினால் மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, எல்லைக் கயிற்றை ஒட்டி வரிசையாக எட்டுப் பேர். காற்று வாங்க வந்ததாகத்தான் பூசாரியிடம் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வயசுப் பிள்ளைகளுக்கு வாயில் தானாக வந்தது அந்த நாட்டு இந்திதான். தமிழ் வீட்டிலும் கோயிலிலும் பெரியவர்களிடம் பேச. அன்று பந்து போன வேகத்துக்கு நான் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கூவினேன். பந்து பாயின் தம்பி கிட்ட, இல்லை இல்லை, போய்விட்டது, அவர்கள் கிட்ட, அடிக்கிறான், ஐயோ. முதல் கோலை எதிர் டீம் அடித்துவிட்டது. கீழே மாமா தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். காப்புக் கட்டினவர்கள் கோபப்படக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. எங்கள் லெஃப்ட் அவுட் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பாதிக்குப் பிறகு பெனால்டி கிடைத்தது. பாயின் பெரிய தம்பி அடித்துச் சமப்படுத்தினார். அதற்கப்புறம் பையன்களைப் பிடிக்க முடியவில்லை. கட்டை முளைத்த நிலத்தில் மாசக் கணக்கில் ஆடிய கால்களுக்கு மைதானத்துப் புல் மெத்தையாக இருந்திருக்க வேண்டும். எதிர் டீம்காரர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார்கள், இவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றருகே வந்து, இப்போது பந்து யாரிடம் என்று என்னைக் கேட்டார்.

பந்து சித்தப்பாவிடம் இருந்தது. எங்கள் கோலுக்கு முன்னால் ஒருவனிடமிருந்து பறித்தவர் யாருக்கும் தட்டிவிடாமல் தானே கொண்டுபோனார். நடுக்கோட்டைத் தாண்டினார். மைதானமே 'மாரோ, மாரோ' என்று இந்தியில் கத்தியது. அவர் அடிக்கவில்லை, இன்னும் ஓடினார். இடது பக்கம் ஒரு பையனுக்குக் கொடுத்து, முன்னால் போய்த் திரும்ப வாங்கி, அப்புறம்தான் அடித்தார். நான் கோல் என்று கத்திக்கொண்டே கரும்புக்கட்டின் மேலிருந்து சரிந்து, முழங்கால் சிராய்த்து, கயிற்றின் முன்னால் போய் விழுந்தேன். வலியே தெரியவில்லை. எட்டுப் பேரும் என்னைச் சுற்றிக் குதித்தார்கள். பூசாரி உள்ளே ஓடி உடுக்கையை எடுத்து அடித்தார். கொஞ்ச நேரத்தில் கடைசி விசில் கேட்டது. கப்பு எங்களுக்கு.

அப்பா குனிந்து என் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அடிச்சது யாரு?"

"சித்தப்பா. நம்ம கோல்கிட்டேருந்து அவரே கொண்டுபோனாரு" என்றேன். "நீங்க அந்த நடுக்கோட்டைத் தாண்ட மாட்டீங்க இல்லப்பா, அவரு தாண்டிட்டாரு. அடிச்சிட்டுத் திரும்பி ஓடியும் வந்துட்டாரு."

அப்பா சிரித்தார். "நல்லா ஆடுனானா?"

"உங்களைவிட நல்லா" என்றேன், மகிழ்ச்சி தாங்காமல்.

உடனே மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள், என் இடத்தில் யார், அவன் எப்படி என்று. எனக்கு அப்படியொரு பெருமை. ஒவ்வொரு பையனும் எப்படி ஓடினான், எத்தனை பேரை ஏமாற்றினான் என்று தாராளமாக மார்க் போட்டேன். லெஃப்ட் அவுட்டிடம், அவர் இடத்தில் ஆடியவனை ஒருத்தராலும் பிடிக்க முடியவில்லை என்று விவரமாகச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். குதிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. மாமா ஒருவர்தான் இன்னும் உடுக்கைக்கு ஆடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு எட்டுப் பேரும் நல்லபடியாகத் தீ மிதித்தார்கள். மாமாகூட ஓடாமல் நடந்துதான் போனார். அதற்குப் பிறகு நடந்த மீட்டிங்கில், கிளப்புக்குக் கட்டாயம் இரண்டாவது டீம் ஒன்று இருக்க வேண்டும், அதைச் சொந்தமாக நாமே நடத்த வேண்டும் என்று எழுந்து சொன்னவர் அப்பா. மாமா அதை மீட்டிங் நோட்டில் எழுதிக்கொண்டார். முதலில் தூக்கிய கைகள் காப்புக் கட்டிய கைகள்தான். எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். இந்தத் தடவை பையன்களையும் உள்ளே உட்கார வைத்திருந்தார்கள்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம் வெளியூரில். காலையில் எங்கள் வாசலுக்கு லாரி வந்தது. ரிசர்வ்காரர்களை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுநடையில் பெரிய டீமை ஏற்றிக்கொண்டு போகும். அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் அந்த முதல் நடையில் ஏறினார். அங்கே ஏற்கெனவே லெஃப்ட் அவுட் உட்கார்ந்திருந்தார்.

நான் பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். "அப்பா, இது ரிசர்வு லாரி. உங்க லாரி அப்புறமா வரும், எறங்குங்க" என்று கத்தினேன். லாரியில் இருந்த பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். "தெரியும் பாப்பா" என்றார் அப்பா. அவர் தப்பாகக் கேட்டுவிட்டார் என்று நினைத்து, லாரி கிளம்பி ரோட்டில் திரும்பும் வரைக்கும் பின்னாலேயே ஓடிக் கத்தினேன்.

திரும்பி வந்தபோது சித்தப்பா வாசலிலேயே நின்றிருந்தார். யாருக்கும் பதிலாக இல்லாமல், பெரிய டீமில் அப்பாவின் இடம் முதல்முதலாக அவருக்கே என்று ஆன நாள் அது. நியாயமாகத் தலைகால் தெரியாமல் குதித்திருக்க வேண்டும். அவரோ லாரி போன பக்கமே பார்த்துக்கொண்டு, உள்ளே போய்ச் சாப்பிடக்கூட மனசில்லாமல் நின்றார். அதற்கு என்ன காரணம் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.