ஏழடித் தார்ப்பாய்

லேகா என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவளுக்கு இருபத்தெட்டாம் நாள் நூல் கட்டிய அன்று. அவள் அம்மை அம்மிணி என் சித்தப்பா மகள், எனக்கு மூத்தவள். அப்பா தாணு. தாணு அத்தான் பிள்ளையின் ஒரு காதை வெற்றிலையால் பொத்திக்கொண்டு மறு காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னார். கிடத்தியிருந்த துணிக்கு வெளியே பிள்ளையின் இரண்டு காலும் நீட்டிக்கொண்டு கிடந்தன.

"இது தாணுவுக்க வழி. நெட்டையாக்கும் வரப்போவுது" என்றாள் என் பெரியம்மை.

அப்படியேதான் வந்தாள். ஐந்தடி ஒன்பது அங்குலம். தாணு அத்தான் ஆறடி. அவருடைய அப்பா எந்த வீட்டு நிலையிலும் குனியாமல் நுழைந்ததில்லை. லேகாவின் அண்ணன் ஜெயச்சந்திரன் மட்டும் எங்கள் வழி, ஐந்தடி மூன்று. எங்கள் வழியில் யாருமே உயரமில்லை, அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் தன்னுடைய உயரம்தான் ஊருக்கெல்லாம் உயரம் என்று அவனைத் தவிர எங்களில் யாரும் நினைத்ததில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பாறசாலையில் தாணு அத்தான் வைத்த பந்தல் கடை அவர்களுடையது. கல்யாணமோ சாவோ, தார்ப்பாய், நாற்காலி, ஜெனரேட்டர், பாட்டுப் பெட்டி எல்லாம் அங்கிருந்துதான் போகும். லேகாவைக் கட்டிக்கொடுத்தது நெய்யாற்றின்கரையில். பன்னிரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள், அந்தக் கதை இங்கே வேண்டாம். வந்த நாளிலிருந்து அந்தக் கடையின் தார்ப்பாய் ஒவ்வொன்றையும் தைத்தது அவள்தான். பலகையில் பெயர் மட்டும் ஜெயச்சந்திரன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. செத்த வீட்டுக்கு அளவு நாடா கொண்டு போகமாட்டார்கள். போனால் அடுத்த ஆளுக்கு அளவெடுத்த மாதிரி ஆகிவிடுமாம். சவத்தின் மேல் இழுத்துக் கட்டுகிற தார்ப்பாய்க்குக் கடைக்காரன் கடையிலேயே தரையில் படுத்துக்கொள்வான். தலைக்கு மேல் ஒரு சாண், காலுக்குக் கீழே ஒரு சாண், அவ்வளவுதான் அளவு. தாணு அத்தான் ஆறடிக்காரர், அவர் அளவில் யாரும் நனையவில்லை. அவருக்குப் பிறகு அதே தரையில் ஜெயச்சந்திரன் படுத்தான். பழகிப்போய், சாவில்லாத காரியத்துக்கும் படுத்தே அளந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லேகா ஒரு கூட்டத்தில் சேர்ந்தாள். காட்டாக்கடையில் ஸ்வப்னா என்று ஒரு டீச்சர், பெண்களைச் சேர்த்துக்கொண்டு மலையடிவாரத்தில் நடக்கப் போவாள். காலையில் போய் மாலையில் திரும்புவார்கள். போன வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் தங்கி நடப்பது என்று முடிவானது. பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருத்தியும் வீட்டில் என்ன பாடுபட்டுச் சம்மதம் வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும். அதில் ஜினி என்று ஒருத்தி அப்போதுதான் நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவள். அவள் வீட்டுக்காரன் எல்லாரும் கேட்கச் சொன்னான்: "ஒருத்திக்கு ஒரு தும்மல் வரட்டு, இந்த ஊர்வலம் அன்றைக்குத் தீர்ந்து."

நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாயைச் சுமந்துகொண்டு மலை ஏற முடியாது. தோளைப் பிய்த்துவிடும். அதனால் எல்லாரும் சேர்ந்து பெங்களூரிலிருந்து ஒரு நைலான் துணி வரவழைத்தார்கள். சிலிக்கோன் பூசியது, கையில் எடுத்தால் வெங்காயச் சருகு மாதிரி. மழை நனைக்காமல் பார்த்துக்கொள்வது லேகாவின் பொறுப்பு என்று ஸ்வப்னா எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள்.

லேகா ஒரு வாரம் கணக்குப் போட்டாள். என் முற்றத்தில் பழைய சேலையைக் கட்டிக் கட்டிப் பார்த்தாள்.

"சித்தி, சும்மா விரிச்சுப் போட்டா ஒரு ஆளுக்கு ஏழடி போதும். ஆனா இத கயத்துல சரிச்சுக் கெட்டணும். சரிச்சா ரெண்டு பக்கமும் குறையும். மழ நேரா பெய்யாது, சாஞ்சு வரும். சின்னதா வெட்டினா கனம் குறையும், ஆளு நனையும். பெருசா வெட்டினா நனையாது, தோளு போவும். ஒரு ஆளுக்கு ஒம்பதுக்கு ஏழு. அதுல ஒரு சாண் குறைக்கப்பிடாது."

ஒன்பதுக்கு ஏழு என்று ஒரு தாளில் எழுதி, துணிக்கட்டின் மேல் குத்தி வைத்துவிட்டு, பாலராமபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். ஒரே ஒரு நாள்.

திரும்பி வந்தபோது துணி வெட்டியாகிவிட்டது.

துணியின் அகலம் ஐந்தடி, ஒட்டுப் போட்டு ஏழடியாக்குவது லேகாவின் கணக்கு. ஜெயச்சந்திரன் அதன் மேல் படுத்து, தலைக்கு ஒரு சாண் காலுக்கு ஒரு சாண் விட்டு, பன்னிரண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருந்தான். ஏழடிக்கு ஐந்தடி. மிச்சத் துணியில் ஜெனரேட்டருக்கும் பாட்டுப் பெட்டிகளுக்கும் உறை வெட்டி, ஓரம் முழுக்கக் கயிறு கோர்க்கப் பித்தளைக் கண் அடித்து முடித்தும் விட்டான்.

நான் அப்போது கடையில்தான் இருந்தேன். லேகா அந்த உறையை எடுத்துக் கையால் அளந்தாள்.

"பாட்டுப் பெட்டிக்கு ஒம்பதடி. பெண்ணுக்கு ஏழடி. இது எந்த ஊரு ஞாயம் அண்ணா?"

"எட்டி, பெட்டிக்குள்ள தண்ணி போனா கரண்டடிக்கும்."

"நான் எழுதி வச்சது கண்ணுல படல்லியா?"

"பட்டு. பந்தல் கெட்டித் தல நரச்சவனுக்கு ஒனக்க தாளு எதுக்கு? நீங்க கனம் கூடப்பிடாதுன்னுதானே கெடந்து துடிச்சிய. கொறச்சுத் தந்திருக்கேன். பெண்ணுங்களுக்கு இது தாராளம்."

அன்று மத்தியானமே வானம் இருண்டது. லேகா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கடை முற்றத்தில் இறங்கி, பலாமரத்துக்கும் லைட் கம்பத்துக்கும் நடுவே கயிறு கட்டி, கூரை மாதிரி சரித்து, நாலு மூலையிலும் முளை அடித்தாள். மழை வந்ததும், "படு அண்ணா" என்றாள்.

எதிரே டீக்கடை சுனில்குமார் கண்ணாடித் தம்ளரோடு வெளியே வந்து நின்றான். "படுங்க அண்ணா, நான் வேணும்னா பத்தி கொளுத்துதேன்!" என்றான். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். ஜெயச்சந்திரன் ரோஷத்தில் போய்ப் படுத்தான். பத்து நிமிஷத்தில் கைலியின் இரண்டு பக்கமும் ஈரமாகி ஒட்டிக்கொண்டது.

"நனையல்ல" என்றான், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"செரி, மாறு." லேகா உள்ளே போய்ப் படுத்தாள். முழங்காலுக்குக் கீழே மழை அடித்தது.

ஜெயச்சந்திரன் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சொன்னான்: "அப்பம் கால மடக்கிட்டுக் கெட. பெண்ணுங்க கால மடக்கித்தான் கெடக்கணும்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். லேகா எழுந்தாள். அவ்வளவு உயரமும் எழுந்தாள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"அப்பா செத்தப்பமும் நீ இப்படித்தான் அளந்தே. ஒனக்க நீளத்துக்கு. அப்பாவுக்கக் காலு ரெண்டும் சாரல்ல கெடந்து நனஞ்சது. செத்தவரு காலு மடக்கமாட்டாரு அண்ணா. நான்தான் கொட புடிச்சு நின்னேன். நீ வந்தவங்களுக்கு நாற்காலி போட்டுட்டு நின்னே."

அது உண்மை. நான் அங்கே இருந்தேன். ஆறடி மனிதனை ஐந்தடிக்காரன் அளவில் கிடத்தியிருந்தது. காலை பத்து மணியிலிருந்து எடுக்கிறவரைக்கும் லேகா அந்தக் கால்மாட்டில் குடை பிடித்து நின்றாள், கை மாற்றாமல். நாங்கள் அத்தனை உறவும் பார்த்தோம். ஒருத்தர்கூட ஜெயச்சந்திரனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

லேகா தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றினாள். "மெஷின் எனக்க. அம்மை வாங்கித் தந்தது" என்றாள். பன்னிரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நடைக்கு ஒன்பது நாள் இருந்தது. வேறு துணி வரவழைக்க நேரமில்லை.

ஸ்வப்னா ஓடி வந்தாள். "சேச்சி, நடைய வேற நாளைக்கு மாத்தி வைக்கட்டா? ஜினியுக்க மாப்பிள இப்பமே சிரிக்கான்."

"சிரிக்கட்டு. மாத்தப்பிடாது."

இரண்டிரண்டு துண்டாக நீளப்பக்கத்தைச் சேர்த்துத் தைத்தாள். மடித்து, மறுபடி மடித்து, இரட்டைத் தையல். மீன் தொட்டி ஒட்டுகிற சிலிக்கோன் பசையை வாங்கி வந்து ஒவ்வொரு தையலிலும் விரலால் தேய்த்தாள். ஆறு தார்ப்பாய் வந்தது, பத்தடிக்கு ஏழடி. பத்தடிப் பக்கத்தைக் கயிற்றோடு போட்டுக் கட்டினால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஆளுக்குப் பிறகும் இடம் கிடந்தது. தையல் கூரைச் சரிவோடு கீழே இறங்கியதால் தண்ணீர் அங்கே தங்காமல் ஓடிவிட்டது. இரண்டு பேருக்கு ஒன்று. கனம் கூடவில்லை, ஒருத்தி தார்ப்பாயைச் சுமந்தால் மற்றவள் கயிறும் முளையும் சுமக்க வேண்டும். என் முற்றத்தில் கட்டி, என்னையும் பக்கத்தில் படுக்க வைத்து, ஒரு மழை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள். அந்த ஒன்பது நாளில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தால்கூட அறைந்துதான் வைத்தாள்.

போனார்கள். மூன்று நாளும் மழை. லேகா ஜினியைத் தன் தார்ப்பாயின் நடுவில் படுக்க வைத்து, காற்று வருகிற பக்கம் தான் படுத்தாளாம். பன்னிரண்டு பேரும் நடந்தே திரும்பினார்கள். ஜினி தும்மவில்லை. அவள் வீட்டுக்காரன் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று, அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதோடு தீர்ந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். அடுத்த வாரம் ஜெயச்சந்திரன் டீக்கடையில் சொல்கிறான்: "நான் வெட்டிக் கொடுத்த அளவாக்கும். ரெண்டச் சேத்தா செரியா வரும்னு கண்டுதான் வெட்டினேன்." கடை முன்னால் பலகையும் வைத்துவிட்டான், மலையேறுகிறவர்களுக்கு லேசான தார்ப்பாய் கிடைக்கும் என்று. பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"லேகா, போதும் கோவம். வா, கடைக்கு வா. தைக்க ஆளில்ல."

"அளக்க ஆளுண்டா?"

"அது நான்தானே, மக்கா."

"அப்பம் நீயே தைச்சுக்கோ."

அவன் என்னைப் பார்த்தான், நான் சொல்லிச் சேர்த்து வைப்பேன் என்று. தாணு அத்தானின் கால்மாட்டில் சொல்லாமல் விட்டதை அன்றைக்குச் சொன்னேன். ஆறடிக்காரரை நனைத்தவன் நீ, இந்த வாசலில் நிற்காதே என்றேன். போய்விட்டான். இப்போது எங்கள் வீட்டுக் காரியங்களுக்கு அவன் கடையிலிருந்து நாற்காலி எடுப்பதில்லை.

லேகா இப்போது காரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். அங்கேயே தார்ப்பாய் தைக்கிறாள். வருகிறவர்களை முதலில் சுவரோடு நிற்கவைத்து உயரம் பார்க்கிறாள்.