இன்சீன் கல்யாணத்துக்கு நான் சுமந்து போன துடைப்பம்

இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்கு நான் எப்பேர்ப்பட்ட பயணி என்பது தெரியும். யாங்கோனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் தன்லியின் என்ற ஊருக்கு மட்டும் பதினோரு முறை போய் வந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இன்சீன் போனேன். என் தங்கை பார்வதியின் மகள் கௌரிக்குக் கல்யாணம். தாய்மாமன் போகாமல் தாலி ஏறாது. மாப்பிள்ளை மார்கஸ் அமெரிக்காக்காரர், ஆப்பிரிக்க வம்சம், யாங்கோனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்.

எங்கள் பேட்டையான பசுந்தாங்கில் காலை 5.50க்கு, யாங்கோனைச் சுற்றி வரும் வட்ட ரயில். டிக்கெட் முந்நூறு சாட். தூரம் பத்து மைல், என் முழங்காலுக்கு நாற்பது. கையில் பட்டுத் துணி சுற்றிய நீளமான கட்டு ஒன்று இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா ரூத், முதல்நாள் மாலை என் வீட்டுக்கே வந்து இரண்டு கையாலும் கொடுத்தார். பெண்ணின் மாமாதான் மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டுமாம். நான் ஏழாவது வரை படித்தவன். அந்தக் கால ஏழாவது, இந்தக் கால எம்.ஏ. ஆகவே கட்டைத் தடவிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது ஆப்பிரிக்க ராஜாவின் செங்கோல். பெட்டியில் இருந்தவர்களுக்கும் அதைச் சொன்னேன். கீரை விற்கப் போன ஒரு அம்மாள் எனக்காக இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கமாயுட் நிலையம் தாண்டுவதற்குள் அந்த ராஜாவுக்கு நூறு யானைகள் சேர்ந்துவிட்டன.

7.05க்கு இன்சீனில் இறங்கும்போது துணி கதவில் மாட்டி அவிழ்ந்தது. உள்ளே துடைப்பம். பழைய கைப்பிடி, அதில் கலர் கலராகத் துணிக் கீற்றுகள். கீரைக்கார அம்மாள் உள்ளூர் வழக்கப்படி மாமா என்று அழைத்து ஜன்னல் வழியாகக் கேட்டார்: "ஊலே, ராஜா இதை வச்சுத்தான் யானைக்குப் பின்னாடி பெருக்கினாரா?"

முகூர்த்த நாளில் தாய்மாமன் துடைப்பத்தோடு போய் நிற்பதா? பிளாட்பாரம் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம் தானமாகக் கொடுத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு நடந்தேன்.

மண்டபம் நிலையத்திலிருந்து முக்கால் மைல். வழியில் டீக்கடையில் யானைக் கதையை மறுபடி சொன்னதில் ஒரு மணி நேரம் போயிற்று. வாசலிலேயே கௌரி பிடித்துக்கொண்டாள். "மாமா, அந்தக் கட்டு எங்க?"

"எந்தக் கட்டு?"

"ரூத் அம்மா கொடுத்தது. உங்க கையிலதான கொடுத்தாங்க?"

நடந்ததைச் சொன்னேன். கௌரி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ரூத் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

"மாமா, அவங்க முன்னோரு அடிமையா இருந்தவங்க," என்றாள் கௌரி. "அடிமைக்குக் கல்யாணம்னு சட்டத்துல ஒண்ணு கிடையாது. முதலாளி நெனச்சா புருசன ஒரு ஊருக்கு, பொண்டாட்டிய ஒரு ஊருக்கு வித்துருவான். அதனால கடவுளும் சொந்தக்காரங்களும் சாட்சின்னு துடைப்பத்தத் தாண்டுவாங்க, அதான் கல்யாணம். சாமி கும்பிடுறதக்கூட ஒளிஞ்சுதான் கும்பிடணும். சத்தம் வெளிய போகாம இருக்கப் பானையக் கவுத்து வச்சுக்குவாங்களாம். இந்தக் கைப்பிடி அந்தக் காலத்துது. இது இல்லாம அவங்க எப்படி எந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ணுவாங்க?"

முகூர்த்தம் 10.30 வரை. அப்போது மணி 8.40. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன், போக வர மூவாயிரம் சாட். பேரம் பேசாமல் நான் வண்டி ஏறியது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

பெருக்கும் பெண்மணி சாவகாசமாகச் சொன்னார்: "பாதி பிளாட்பாரம் ஆச்சு. நல்லாப் பெருக்குது."

பக்கத்துக் கடையில் 2,500 சாட்டுக்குப் புதுத் துடைப்பம் வாங்கிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். பழையதில் வெற்றிலைக் கறை இருந்தது. குழாயடியில் நானே கழுவினேன். என் வீட்டுத் துடைப்பத்தை நான் தொட்டதுகூட இல்லை. இதை என் மனைவி படிக்க வேண்டாம்.

9.35க்குத் திரும்பினால் வாசலில் பார்வதி. "அண்ணே, அத உள்ள கொண்டு வராத. கல்யாணத்துல துடைப்பத்தத் தாண்டினா மூதேவி வந்து சம்மணம் போட்டு உக்காந்துருவா."

ரூத் அம்மா எழுந்து வந்து, துடைப்பத்தை வாங்கி, ஈரத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டார். பார்வதி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது என்னடி துணி?"

"பேரும்மா," என்றாள் கௌரி. "இதத் தாண்டினவங்க பேரு. இது விக்கப்பட்டவரு. இது அவருக்காகக் காத்திருந்தவங்க."

பார்வதி மணவறைக்குப் போய்க் குங்குமச் சிமிழோடு வந்தாள். "எங்க வீட்டுக்காரரு ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஆயுத பூசைக்கு விளக்குமாத்துக்கும்தான் பொட்டு வச்சாரு. கொண்டாங்க இப்படி." கைப்பிடியில் பெரிய பொட்டாக வைத்தாள்.

தாலி ஏறியது. அடுத்து துடைப்பம். மேளக்காரருக்கு என்ன வாசிப்பதென்று தெரியவில்லை, மறுபடியும் கெட்டி மேளமே கொட்டினார். கௌரி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையை முந்திக் குதித்தாள்.

பிறகு ரூத் அம்மா ஒரு புதுக் கீற்றை எடுத்து என்னிடம் வந்தார். பெண் வீட்டில் முதன்முதலாகக் கப்பலேறி யாங்கோன் வந்தவர் பெயரையும் அதில் எழுத வேண்டுமாம். அது என் கொள்ளுத்தாத்தா. அவர் கடலில் முதலையோடு சண்டை போட்டதை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். பெயர் மட்டும் தெரியாது. வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கீற்றுகளைப் பார்த்தபோது வாய் வரவில்லை.

"சுப்பையா," என்றாள் பார்வதி. "நம்ம அப்பா பேருதான் அண்ணே. அப்பாவுக்கு வேற யாரு பேர வச்சாங்கன்னு நெனச்ச?"

கௌரி மொழிபெயர்த்தாள். ரூத் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னதையும் அவளே சொன்னாள்: "அவங்க முன்னோரும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பேரு வச்சாங்களாம் மாமா. விக்கப்பட்டுப் போனவரு என்னைக்காவது தேடி வந்தா, பேர வச்சாவது பிள்ளைகளக் கண்டுபிடிக்கட்டும்னு."

இன்சீன் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். 5.50 வண்டியில் கூட்டம் குறைவு. சைக்காவுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வீட்டில் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் தாளில் இதுவரை நான்கு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. நான்குமே உண்மை.